பூட்டிய கேட்டுக்கு இரண்டு பக்கமும்

முப்பது குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்துக்கு இம்முறை யார் வீடு என்று மாதா கோயில் பலகையில் எழுதுவது சந்தியாகுவின் வேலை. மில்லிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் கணபதி வட்டாரத்தில் அறிவிப்பு என்றால் அவர் கையெழுத்துதான். இந்த மாதம் அவர் வீட்டு முறை. மகள் பெயருக்கு முன்னால் 'மாவட்ட நீதிபதி' என்று போடாமலிருக்க எந்த அப்பனுக்கு மனசு வரும்? போட்டார். கதவெண், தெரு, சனிக்கிழமை மாலை ஆறு மணி, எல்லாம் முத்து முத்தாக. யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிட்டார்கள்.

அவர் பெருமையாக வீடு திரும்பியபோது மகள் கிளாடிஸ் சாப்பாட்டு மேசையில் ஒரு சட்ட முன்வரைவைத் திருத்திக்கொண்டிருந்தாள். நீதிபதிகளின் வீட்டு முகவரி, பிள்ளைகள் படிக்கும் பள்ளி இதையெல்லாம் யாரும் வெளியிடக் கூடாது என்று சட்டம் கேட்டு அவர்கள் சங்கம் அரசுக்கு அனுப்பப்போவது. திங்கட்கிழமை அவள் தீர்ப்புச் சொல்ல வேண்டிய கொலை வழக்கில் ஏற்கெனவே இரண்டு மிரட்டல்கள் வந்திருந்தன. வாசல் பெயர்ப்பலகையைக் கழற்றிப் பத்து நாளாகிறது. கழற்றியவரே சந்தியாகுதான். ஆனால் ஊர் வேறு, கோயில் வேறு என்று நினைத்துவிட்டார்.

"கோயில்ல எழுதுனா ஆரு கண்ணு பாக்கப்போறாங்க?"

"சட்டம் வந்தா மொதக் கேசு உங்க மேலதானுங்கப்பா" என்றாள். அவள் சிரிக்கவில்லை. அவர் ஓடிப்போய்ப் பலகையை அழித்துவிட்டு வந்தார். தெரிந்த முகங்களை மட்டும் உள்ளே விடுவதென்று முடிவாயிற்று.

சனிக்கிழமை எல்லாரும் வந்து செபமாலை தொடங்கியதும் அவர் கேட்டைப் பூட்டப் போனார். வெளியே ஒரு பெண், செருப்பை ஓரமாகக் கழற்றிவைத்துவிட்டு நின்றிருந்தாள். பேர் மாசாணியம்மாள், பல்லடத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். திங்கட்கிழமை வழக்கில் முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டிருப்பவன் அவள் மகன்.

"அம்மாவப் பாக்கோணும்னு வரலீங்க. இங்க சாமி கும்பிடறாங்கன்னு செல்லுல வந்துதுங்க. ஓரமா உக்காந்து பையனுக்காக வேண்டிப்போட்டுப் போயர்றனுங்க."

செபக் கூட்டத்துக்கு வந்த யாரையும் அவர் வாசலோடு அனுப்பியதில்லை. ஆனால் இவளை உள்ளே விட்டால் மகள் அந்த வழக்கிலிருந்தே விலக வேண்டியிருக்கும். இவளுக்குப் பின்னால் யார் வருகிறார்களோ, அதுவும் தெரியாது. பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

"தப்பு என்னோடதுங்க அம்மணி. உள்ள உட முடியாதுங்க" என்று சொல்லிப் பூட்டினார்.

அவள் போகவில்லை. உள்ளே கிளாடிஸின் குரல் செபமாலையின் அடுத்த பத்து மணிகளைத் தொடங்கியது. மாசாணியம்மாள் அங்கேயே தார் ரோட்டில் மண்டியிட்டாள். அந்தச் செபம் அவளுக்குத் தெரியாது, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சந்தியாகு சாவியை மடியில் செருகிவிட்டு, கம்பிக்கு இந்தப் பக்கம், அவளுக்கு எதிரே மெல்ல மண்டியிட்டார்.