இரண்டாவது ஆல்பம்

சந்தோஷ் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்த மாலையைச் சங்கவி எடுத்துக் கீழே போட்டாள்.

“இத எடுத்துக்கினு போ.”

கூடத்தில் அழுகை சட்டென்று அடங்கியது. பத்து வருஷமாக அவனைச் ‘சந்தோஷண்ணா’ என்று கூப்பிட்ட வாய் அது. தலைமாட்டில் இருந்த அம்மா ஜெயம் நிமிர்ந்து பார்த்தாள்.

பெட்டிக்குள் கிடந்தவன் அவளுடைய அண்ணன் தென்னரசு. முந்தின நாள் விழுப்புரத்தில், வேலை பார்த்த செல்போன் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் போய்விட்டான். மயிலத்தில் படிக்கும்போது அவனும் சந்தோஷும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து காதைப் பிளக்கிற மெட்டல் இசைக்கு ஒரு பேண்ட் ஆரம்பித்தார்கள். மண்டகப்பட்டுக் குகையில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் எடுத்த கோயில் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. அதன் விளக்கப் பலகையைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்து, மெட்டல் பேண்டுக்கே ‘உலோகமின்றி’ என்று பேர் வைத்தார்கள். சந்தோஷ் பாடினான், தென்னரசு டிரம்ஸ் அடித்தான். போன வருஷம் சந்தோஷ் அவனை பேண்டின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீக்கினான். ஒரு போன்கூட இல்லை.

“செத்த வூட்ல என்னாத்துக்கு சண்ட?” என்று முருகையன் மாமா நடுவில் வந்தார். “ஏம்பா, எங்க புள்ள அப்பிடி என்னாதான் வாசிச்சான்? ஒருநாளும் கேட்டதில்ல. ஒண்ணு போடேன்.”

சந்தோஷ் பையிலிருந்து சின்ன ஸ்பீக்கரை எடுத்துத் தரையில் வைத்தான். பேட்டி கொடுக்கிற குரல் தானாக வந்துவிட்டது.

“புதுசா கேக்கறவங்க எங்க மூணாவது ஆல்பத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கணும் மாமா. அதான் எல்லாருக்கும் புடிக்கும். பழசு காதுக்குக் கொஞ்சம் கஷ்டம். மெதுவா பின்னாடி போய்க்கலாம்.”

புல்லாங்குழலும் கிதாருமாகப் பாட்டு மெத்தென்று வந்தது. ஒரு பெரியம்மா, நல்லாத்தானே இருக்குது என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“நிறுத்து” என்றாள் சங்கவி. “அதுல எங்கண்ணன் எங்க?”

அவன் பாட்டை நிறுத்தினான்.

“கம்ப்யூட்டர்ல அடிச்ச டிரம்ஸு அது. அவன தூக்கிப் போட்டுட்டுப் பண்ண பாட்ட, அவன் பொணத்துகிட்டயே போடுற?”

“நான் ஒண்ணும் தூக்கல. பாட்டு மாறுது, நீயும் மாறுடான்னேன். மாட்டேன்னான். எத்தினி நாளைக்கி கெஞ்சிக்கினு இருப்பேன்?”

“மாறமாட்டானா? மொத ஆல்பத்துல நீங்க கத்தத்தான் கத்துனீங்க. அத ரெண்டாவதுல மாத்துனது யாரு? நீயா?”

அவளுக்கு அது தெரியும். காலையில் விழுப்புரம் பஸ்ஸில் அண்ணனும் தங்கையும் ஒரே சீட்டில் வேலைக்குப் போவார்கள். இயர்போனில் ஒன்று அவள் காதில், ஒன்று அவன் காதில். முதல் ஆல்பத்தைக் கேட்டு அவள் முகத்தைச் சுளித்தபோது, “இது வெறும் கோவம். உட்டுடு” என்றான். இரண்டாவது வந்தபோது, முன்சீட்டுக் கம்பியில் அவள் விரலைப் பிடித்துத் தட்டிக் காட்டினான். ஏழு தட்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். “எண்ணாத. எண்ணுனா உட்டுடுவ. சும்மா கூட வா.” மயிலம் கூட்டுரோடு தாண்டும்போது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. மூன்றாவது ஆல்பத்தை அவன் கேட்கவே இல்லை. அது வெளிவந்த மாதம் முழுக்க அவன் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டே வந்தான்.

ஸ்பீக்கரைத் தன் பக்கம் இழுத்து, தன் போனிலிருந்து இரண்டாவது ஆல்பத்தின் இருபது நிமிஷப் பாட்டைப் போட்டாள்.

கல் உடைவதைப் போல அடி விழுந்தது. பெண்கள் காதைப் பொத்தினார்கள். “என்னாடி இது, திக்கித் திக்கி அடிக்குது, ரிப்பேரா?” என்றார் மாமா. வாசலில் மேளக்காரர்கள் தட்டுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பந்தலிலிருந்து அப்பா கிருஷ்ணசாமி வேகமாக உள்ளே வந்தார். மாடியில் இந்தச் சத்தம் கேட்டபோதெல்லாம் கீழிருந்து மெயின் சுவிட்சை அணைத்த மனுஷர்.

“எவன்டா செத்த வூட்ல கச்சேரி வைக்கறது?”

“நான்தான்ப்பா.” சங்கவி ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றுகொண்டாள். “அண்ணன் பாட்டு. நிறுத்தமாட்டேன்.”

அவர் கை ஓங்கிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சந்தோஷ்கூட ஓரடி முன்னால் வந்தான். அவர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதுல அவன் எது?”

“அடிக்கற சத்தம்ப்பா.”

அவர் சுவரோரம் உட்கார்ந்தார். பாட்டுக்கு நடுவே கிதார் நின்று டிரம்ஸ் மட்டும் தனியாகப் போகிற இடம் வந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சந்தோஷ் கீழே கிடந்த மாலையைப் பார்த்தான், எடுக்கவில்லை. வெளியே போய்விட்டான்.

“நேரமாவுது, தூக்குங்கப்பா” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். ஆண்கள் பெட்டியைத் திறந்து அவனைத் தூக்கினார்கள். அம்மா அலறிக்கொண்டு வாசல்வரை போனாள். தெருவில் மேளம் ஏறி, முனை திரும்பி, தேய்ந்தது.

வீட்டில் பெண்கள் மட்டும். பாட்டு இன்னும் முடியவில்லை. வீட்டைக் கழுவ யாரோ முதல் குடத்துத் தண்ணீரைக் கூடத்தில் ஊற்றினார்கள். ஈரம் தரையில் பரவி வந்தது. சங்கவி ஸ்பீக்கரை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மற்றொரு கையால் துடைப்பத்தை வாங்கி, தண்ணீரை வாசலை நோக்கித் தள்ளினாள்.