ஒருமுறை அழைத்த குரல்

மதுரை மாநகரின் கோபுரங்களைக் காய்ச்சி, வறண்ட வையையின் மணலை வறுத்து, மேற்கே நீண்டு கிடக்கும் நாகமலையையும் கடந்து, சமவெளியெங்கும் வெயில் கொட்டிக்கொண்டிருந்த பங்குனித் திங்களின் நண்பகல் அது. காக்கையும் கரையாமல், நாயும் குரைக்காமல், நிழலும் தன்னைத் தந்த பொருளின் காலடியிலேயே ஒடுங்கிக்கொள்ளும் அப்பொழுதைத்தான், நயமறிந்த நண்பரே, எங்கள் பக்கத்தார் உச்சிவேளை என்று குரல் தாழ்த்திச் சொல்வர். பேய்க்கு உகந்தது இரவென்று யாரோ உமக்குச் சொல்லி ஏமாற்றியிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பேய்கள் வெயிலுக்கு அஞ்சுபவை அல்ல.

அவ்வேளையில் சின்னக்கண்மாய்ப்பட்டியின் ஒற்றைத் தெருவில் ஓர் இளைஞன் தனியே நின்றான். கடல்கடந்த ஸ்காட்லாந்திலிருந்து கிறித்தவ இறைத்தொண்டு செய்ய வந்து, மதுரையில் ஆறு திங்கள் தங்கி, நூல்வழியே தமிழ் கற்றவன். ஸ்டீவ் என்பது பெயர். இப்பெயரைச் செந்தமிழாக்க மூன்று நாள் முயன்று தோற்றேன்; பொறுத்தருள்க. ஈராண்டுக்கு முன் தன் தங்கை ரூத்தை மண்ணுக்குக் கொடுத்த துயரைத் தொண்டில் கரைக்கவே அவன் வந்தான். எதையும் பட்டியலிட்டு, பட்டியல் பிறழாமல் முடிக்கும் விடாப்பிடிக்காரன் என்பதையும் நீர் அறிந்துகொள்ளல் நலம்.

அன்றைய பட்டியலில் எஞ்சியிருந்தவள் முத்துத்தாய் ஒருத்தியே. இரு கண்ணிலும் புரை முற்றிய கைம்பெண். அறுவை செய்யும் மருத்துவர் அன்று மாலையே மதுரையை விட்டுப் புறப்படுகிறார். மீண்டும் அவர் வர ஓராண்டாகும், அதற்குள் இவள் பார்வை அறவே போய்விடலாம். காலையில் வரவேண்டிய ஊர்தி, வழியில் சக்கரம் வெடித்ததால் நண்பகலில் வந்து, ஏனைய நோயாளிகளைச் சுமந்தபடி கண்மாயின் மறுகரையில் நின்றது. "ஒரு மணிக்கு மேல நிக்க முடியாது தம்பி, வெரசா வாங்க," என்று சொல்லியே ஊர்தியிலிருந்த தல்லாகுளத்து ஆசிரியர் தனிஸ்லாஸ் அவனை அனுப்பினார்.

முத்துத்தாயின் வீடு எதுவென்று அவன் அறியான். ஆதலால் வீட்டுக்கு வீடு சென்று, "அம்மையீர்!" என்று ஒரேயொரு முறை அழைத்து, தன் நாட்டுப் பண்புப்படி கைகட்டிக் காத்திருந்தான். அவன் அழைத்தவுடன் ஒரு வீட்டில் அம்மி அரைக்கும் ஓசை நின்றது. மற்றொன்றில் அழுத குழந்தையின் வாயை யாரோ பொத்தினர். கடைசி வீடுவரை கதவொன்றும் திறக்கவில்லை; ஆயினும் ஒவ்வொரு கதவின் பின்னும் மூச்சடக்கிய மாந்தர் நிற்பதை அவன் உணர்ந்தான். தானே இறந்துபோய், அதை அறியாமல் அலைகிறோமோ என்று ஒரு நொடி அஞ்சினான்.

மணி பன்னிரண்டே முக்கால். முத்துத்தாய் வர மறுத்தாள் என்று முடிவுகட்டி, தெருவின் நடுவே திரும்பி வந்து, பெயரை அடிக்க அவன் எழுதுகோலை எடுத்தபோது, எதிர்வீட்டுச் சாளரம் விரலளவு திறந்தது. உள்ளே கனகலட்சுமி என்னும் நடுவயதுப் பெண். அவள் கண்கள் அவன் முகத்தில் இல்லை.

"காலைக் காட்டு தம்பி... ம், தரையில பாவுது. மனுசந்தேன். உச்சிவேளையில ஒத்தக் குரல் குடுத்தா யாருய்யா ஏன்னு கேப்பா? அது ஒரு தடவைதேன் கூப்புடும். மனுசன்னா மூணு தடவை கூப்புடணும்."

"அம்மையீர், எங்கள் நெறி இவ்வச்சங்களை ஏற்பதில்லை."

"உங்க நெறி உங்களோட இருக்கட்டும். கண்ணு முத்துத்தாயோடதுல்ல?" என்று கேட்டு, அவள் கடைசி வீட்டைச் சுட்டினாள்.

அவனுக்கு வெட்கமாகப் போயிற்று. பட்டியலை மடித்துப் பையிலிட்டு, அவ்வீட்டின் முன் சென்று, "முத்துத்தாய் அம்மா!" என்று மும்முறை உரக்க அழைத்தான். மூன்றாம் அழைப்பில் தாழ் விலகியது. துணிப்பையை மார்போடு அணைத்தபடி அவள் வாசலிலேயே நின்றாள்.

"விடியக்காலையிலருந்து பையைக் கட்டி வச்சிட்டு உக்காந்திருக்கேன். ஒத்தக் குரலோட போயிட்டீகளே, நான் எப்பிடிய்யா வாரது?"

அவள் கையைப் பற்றிக்கொண்டு, நீர் வற்றி வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள் அவன் குறுக்கே நடந்தான். நடுவழியில், இடப்புறமிருந்து ஒரு குரல் எழுந்தது.

"ஸ்டீவ்!"

ரூத்தின் குரல், முடிவில் சிரிப்புத் தொற்றிய அதே குரல். அவன் வழியை விட்டு ஓரடி எடுத்து வைத்துவிட்டான். கண் மங்கிய முத்துத்தாய் அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"எனக்கும் கேட்டுச்சு. பொம்பளப்புள்ள குரல். போகாதீக."

"அவள் என் தங்கை."

"தங்கச்சின்னா இன்னும் ரெண்டு தடவை கூப்புடுவா. நிப்போம்."

தன் கண்ணுக்குரிய நேரம் கரைகிறதென்று அறிந்தும் அவள் நின்றாள், நண்பரே. மறுகரையில் தனிஸ்லாஸ் ஒலிப்பானை அழுத்தி அழுத்தி அழைத்தார். இருவரும் காத்திருந்தனர். இரண்டாம் அழைப்பு வரவேயில்லை. அப்போதுதான் ஸ்டீவ் குனிந்து பார்த்தான். அவன் காலுக்கு ஒரு முழம் அப்பால், முள்மூடிக் கிடந்தது கைப்பிடிச் சுவரில்லாத பாழுங்கிணறு. அவன் வாய்விட்டு அழுதான்.

"அழுங்கய்யா. அழுதுக்கிட்டே நடங்க, நேரமாச்சு," என்றாள் முத்துத்தாய்.

ஊர்தி அவர்களுக்காக நின்றது. அறுவை இனிதே முடிந்தது. கட்டவிழ்த்த காலையில் எதிரே நின்ற ஸ்டீவை நோக்கித் திரும்பியவள், முதலில் பார்த்தது அவன் கால்களை. பின்னரே முகத்தைக் கண்டு சிரித்தாள்.

இப்போது அவன் தன் நாட்டில் இருக்கிறான். எவர் வாசலிலும் மும்முறை அழைக்கிறான். அண்டையார் நகைத்தாலும் அதை விடுவதில்லை. வளையத் தெரிந்த ஒரு நாளில் ஒருத்திக்குக் கண் கிடைத்தது, தனக்கு உயிர் கிடைத்தது என்று அவன் அறிவான். ஆயினும் ஊர் ஓய்ந்த நண்பகல்களில், செய்யும் வேலையை நிறுத்திவிட்டு, இன்னும் இரண்டு அழைப்புக்காக அவன் செவிசாய்த்துக் காத்திருக்கிறான்.