பிரபுவின் இடது காது

…இன்னும் இரண்டு பேர் பேசவேண்டுமாம், பேசட்டும், காற்றுக்குத்தான் பொறுமையில்லை, கடலிலிருந்து வந்து சிலைமேல் போர்த்திய துணியின் நுனியைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறது, அவளைப்போலவே, ஏதோ அவள் பார்க்காத சிலை என்பதுபோல… ஏழு மாதம் அந்தப் பிரபுவின் மெழுகு உடம்போடு மல்லுக்கட்டியவள் அவள்தானே, கோட்டுப் பித்தான் பதினொன்று, விரல் நகம் பத்து, எல்லாம் முதலில் மெழுகாக அவள் கைக்குள் இருந்தவை, அப்புறம்தானே வெண்கலம். மெழுகில் ஒரு கீறல் விட்டால் வெண்கலத்திலும் அந்தக் கீறல் நிற்கும், அவள் போனபிறகும் நிற்கும்… அதனால்தான் இந்தப் படபடப்பு. கால் தரையில் பாவவில்லை. நாற்பத்து மூன்று வயதுப் பொம்பளை இப்படியா குதிகாலை எக்கி எக்கி நிற்பது? வார்ப்புப் பட்டறை முதலாளி இரண்டு தடவை திரும்பி முறைத்துவிட்டார். முறைக்கட்டும். வருவானா?

பஸ் ஒன்பதே முக்காலுக்கு, வந்தால் இந்நேரம் வந்திருக்க வேண்டும். ‘வெள்ளிக்கிழமை காலை பத்து மணி, கடற்கரை, நான் வேலை பார்த்த சிலை திறக்கிறாங்க, வா அண்ணே.’ அவ்வளவுதான் அனுப்பினாள், பார்த்துவிட்டான், பதில் இல்லை… ஏழு வருடமாக இல்லாத பதில் இப்போது எங்கிருந்து வரும்? கப்பல் இஞ்சின் அறையில் வேலை, அப்பா போனபோது நடுக்கடலில் இருந்தான், ஆறாம் நாள் பெட்டியோடு வாசலில் வந்து நின்றவனிடம், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால், “இப்ப எதுக்கு வந்த? உன்னை யாரு கூப்பிட்டா?” என்று கேட்டாளே, ஐயோ, அந்த வாயை… பெட்டியைக் கீழேகூட வைக்கவில்லை அவன், அப்படியே திரும்பிவிட்டான். சின்ன வயதில் அவன் காதைக் கடித்த அதே வாய்தான். அவளுக்கு ஆறு வயது, என்ன சண்டை, ஜன்னலோர இடத்துக்கா, பென்சிலுக்கா, காது மடலின் மேல்விளிம்பில் ஒரு பல் அளவு போயே போய்விட்டது. அன்றிலிருந்து அவள் அவனுக்கு எலி. ஏய் எலி, கதவைத் தொற. அவள் கல்யாணத்தன்றுகூட எலிதான்.

பிரபுவின் காது உடைந்தது யாருடைய ஏற்பாடு? அச்சிலிருந்து மெழுகுத் தலையை எடுத்தபோது வலது காது பத்திரமாக வந்தது, இடது காது மட்டும் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. வெளியூரிலிருந்த சிற்பி போனில், “பிரபுவோட ஓவியம் ஒண்ணே ஒண்ணுதாம்மா இருக்கு, அதுல வலது பக்கம்தான் தெரியுது, இடது காதை உன் இஷ்டத்துக்கு வச்சிடு” என்றார். இடது காது! அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, அண்ணனுக்கும் இடதுதானே… கண்ணை மூடினால் தெரிகிறதே, கோபத்தில் சிவந்த முகம், இந்தப் பக்கம், இதோ இந்தப் பக்கம்தான் ரத்தம்… பத்தொன்பது வருட வேலையில் இடம் வலம் பிசகாதவள், அச்சுக்குள் எல்லாமே திருப்பிப் போட்டதுபோல இருக்கும், புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் திண்டாடிப் போவார்கள், அவள் ஒருநாளும் தடுமாறியதில்லை. அரை மணி நேரத்தில் காதைப் பிடித்து வைத்தாள், மேல்விளிம்பில் ஒரு பல் அளவு எடுத்தாள். மன்னிப்புக் கேட்க வாய் வராதவளுக்குக் கையாவது வந்ததே, போதாதா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கூட்டத்தைத் துழாவினாள். எங்கே அவன்?

இழுத்துவிட்டார்கள்! துணி ஒரு பக்கம் மாட்டி, உப்பி, சரிந்து… கைதட்டல்… அடேயப்பா, இவ்வளவு உயரமா அவர், பட்டறையில் படுத்தே கிடந்தவர், இப்போது தான் கட்டிய அலைதடுப்புச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஜம்மென்று நிற்கிறார், வெயில் நேராக அந்த இடது காதில்! முன்வரிசையிலிருந்த பிரபு வம்சத்துப் பெரியம்மா எழுந்தே விட்டாள். “பாத்தீங்களா, எங்க வம்சத்துக் காது! எங்கப்பாவுக்கும் அச்சு அசல் இப்படித்தான்!” சிரிப்பு பீறிட்டது, அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்திய நேரத்தில் இடப்பக்கமிருந்து யாரோ…

“எலி.”

தொப்பி போட்டிருந்தான். மீசையெல்லாம் நரைத்து, கன்னம் ஒட்டி… அவளைப் பார்க்கவில்லை, சிலையையே பார்த்துக்கொண்டிருந்தான். “நல்லாத்தான் செஞ்சிருக்க. ஆனா நீ கடிச்சது அந்தக் காது இல்ல” என்று தொப்பியைக் கழற்றினான். “இது.”

வலது காது. இல்லை, எப்படி… எதிரே நின்று கடித்தவளுக்கு அவனுடைய வலது காது இடப்பக்கம்தானே, இத்தனை வருடமும் அதை அப்படியே இடது என்று… எலும்புக்கூடு மாதிரி இளைத்துவிட்டானே, சாப்பிடுகிறானா இல்லையா… எதிரேதான் நின்றிருக்கிறாள், ஜன்னலுக்கும் பென்சிலுக்கும் வாசலிலும், சண்டைக்கு நிற்கிற மாதிரியே நின்றிருக்கிறாள், பக்கத்தில் நின்று அண்ணனைப் பார்த்த ஞாபகம் ஒன்றுகூட இல்லையே, ஒன்றுகூடவா? இப்போதுதான் நிற்கிறாள், கடிபட்ட காது அவள் பக்கம். பாண்டு வாத்தியம் வேறு தொடங்கிவிட்டது. “அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது அண்ணே” என்றாள், சொல்லியே விட்டாள், சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை. “என்ன?” என்று அவன் குனிந்து அந்தக் காதையே அவள் வாயருகே கொண்டுவந்தான், கொஞ்சம்கூட பயமில்லாமல்.