உட்கார்ந்திருந்த கொடிக்காரன்

ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆண்டிச்சாமிக்குத் தன்னைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. வேறு யாரும் முன்வராததால் அவனே அதை உண்டாக்கி, அவனே பராமரித்தும் வந்தான். கல் உடைத்த வீட்டில் பிறந்து ஏசி அறைக்கு வந்தவன் என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வான். அந்த ஏசி செர்வருக்காகப் போட்டது, அவனுக்காக இல்லை என்பதை மட்டும் சொல்வதில்லை.

அவனுடைய ஆத்தா மூக்காயி குன்றாண்டார்கோவில் பக்கத்துக் குவாரியில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். இடுப்பு போன பிறகு அவளுக்குச் சிவப்புக் கொடி கொடுத்தார்கள். வெடி வைக்கும் நேரம் பாதையில் நின்று ஆளை மறிக்கிற வேலை. ஒருநாள் முதலாளியின் ஜீப்பையே மறித்துவிட்டாள். "என் குவாரிக்குள்ள நான் போகக் கூடாதா?" என்று அவர் கத்த, "வெடிக்கு ஒங்களத் தெரியாதுங்க" என்றாளாம். இந்தக் கதையைப் பத்து வருஷமாக ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறவன் ஆண்டிச்சாமி.

செர்வருக்குள்ளும் அப்படி ஒரு கொடிக்காரன் உண்டு. எஸ்.இ.லினக்ஸ் என்று பெயர். எந்த புரோகிராம் எந்த ஃபோல்டரைத் தொடலாம் என்று அவனிடம் ஒரு விதிப்பட்டியல் இருக்கும். அதில் இல்லையென்றால் யார் வந்தாலும் மறிப்பான். செர்வருக்கே முதலாளியான ரூட் உள்ளே ஓட்டிவிட்ட புரோகிராம் என்றாலும் மறிப்பான். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு ஃபோல்டரை இடம் மாற்றியதற்கு அவன் மறிக்க, ஆண்டிச்சாமி ஒரே ஒரு வரி தட்டி அவனை உட்கார வைத்துவிட்டான். உட்கார்ந்த கொடிக்காரன் யாரையும் தடுக்க மாட்டான். யார் யார் விதியை மீறிப் போனார்கள் என்று நோட்டில் மட்டும் எழுதிக்கொண்டிருப்பான். பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிடலாம் என்றுதான் ஆண்டிச்சாமி டீ குடிக்கப் போனான். டீ முடிந்தது. பத்து நிமிஷம் முடியவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சென்னைத் தலைமை ஆபீஸிலிருந்து ஒரு படிவம் வரும். 'கட்டாயப் பாதுகாப்பு இயங்குகிறதா?' என்ற கேள்விக்கு அவன் 'ஆம்' என்று எழுதுவான். இப்படிப் பன்னிரண்டு ஆம்.

பதின்மூன்றாவது முறை படிவம் வரவில்லை. விசாலி என்கிற அதிகாரி புதன்கிழமை நேரிலேயே வருவதாக மெயில் வந்தது. வெளிநாட்டில் மீன் வாங்குகிறவர்கள் பாதுகாப்புக்குச் சான்று கேட்கிறார்களாம். படிவத்தில் எழுதியதும் செர்வரில் இருப்பதும் ஒத்துப்போகாத இடங்களில் ஒப்பந்த ஊழியர்களைத் தொடர்வது பற்றி மறுபரிசீலனை செய்யப்படும் என்று கடைசி வரியில் இருந்தது. ஆண்டிச்சாமி ஒப்பந்த ஊழியன். அந்த வரியை மட்டும் ஏழு தடவை படித்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கொடிக்காரனை எழுப்பி நிற்க வைத்தான். நின்ற மறு நிமிஷமே படகுகளுக்கு ஐஸ் சீட்டு போடும் கவுண்டர் படுத்துவிட்டது.

"தம்பி, ஒரு சீட்டு போட மூணு நிமிஷம் சுத்துது," என்று கவுண்டரிலிருந்து சொர்ணவல்லி அக்கா கூப்பிட்டாள். "கம்ப்யூட்டருக்கு என்னையத் தெரியலையா?"

விளையாட்டாகக் கேட்டாலும் அக்கா கேட்டது சரிதான். கவுண்டரில் ஒவ்வொரு தட்டுக்கும், தட்டுவது யார் என்று செர்வர் விசாரிக்கும். ஆள் பட்டியல் சென்னையில் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சென்னைக்கு ஓடாமல், ஒருமுறை கேட்ட பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு கேஷ் சர்வீஸ் உண்டு; பணம் எண்ணுகிற கேஷ் இல்லை. எழுந்து நின்ற கொடிக்காரன் முதல் வேலையாக அந்த சர்வீஸை மறித்துவிட்டான். அதனால் சொர்ணவல்லி என்று ஒருத்தி இருக்கிறாளா என்று ஒவ்வொரு தட்டுக்கும் சென்னையைக் கேட்டுக்கொண்டிருந்தது.

மூளையுள்ளவன் நோட்டைத் திறந்து, கொடிக்காரன் எதற்காக மறித்தான் என்று படித்திருப்பான். ஆண்டிச்சாமிக்குப் படிப்பது கேவலம், அவன் அனுபவசாலி. நோட்டில் உள்ள ஒவ்வொரு மீறலுக்கும் ஓர் அனுமதி எழுதிக் கொடுக்கிற கருவி ஒன்று இருக்கிறது. மூன்று வருஷத்து நோட்டையும் ஒரு வரிகூடப் பார்க்காமல் மண்வெட்டியால் அள்ளுவதுபோல் அள்ளி அதில் கொட்டினான். கருவி நூற்றுச் சொச்சம் அனுமதிகளைத் துப்பியது. எல்லாவற்றையும் விதிப்பட்டியலில் ஏற்றினான். கவுண்டர் பறந்தது. கொடிக்காரனும் நின்றுகொண்டுதான் இருந்தான்.

"சரியாயிருச்சா தம்பி?"

"அனுபவம்க்கா," என்றான் ஆண்டிச்சாமி.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு விசாலி வந்தாள். சொந்த ஊர் திருமயம் பக்கம், படிப்பும் வேலையும் சென்னை. வயது முப்பதுகூட இருக்காது. செர்வர் அறைக்குள் வந்ததும் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். "ரொம்பக் குளிருதுங்க. எப்படி இருக்கீங்க இதுக்குள்ள?"

"பழகிருச்சு மேடம்," என்றான், இமயமலையில் காவல் இருப்பவனைப்போல.

அவள் ஒரு வரி தட்டினாள். 'என்ஃபோர்சிங்' என்று திரையில் வந்தது. கொடிக்காரன் நிற்கிறான் என்று பொருள்.

"எவ்வளவு நாளா இப்படி ஓடுதுங்க?"

"மூணு வருஷமா மேடம்."

"நல்லது." அவள் விதிப்பட்டியலைத் திறந்தாள். நேற்று ஏற்றியதன் பெயர் அங்கே தனியாகத் தெரிந்தது. அவசரத்தில் 'பைனல்2' என்று வைத்திருந்தான். மேலிருந்து கீழாக மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"பேரை ஞாபகம் வெச்சுக்கிற சர்வீசுக்கு, உங்க சொந்த ஃபோல்டரைத் திறந்து எழுதுறதுக்கு எதுக்குங்க அனுமதி?"

ஆண்டிச்சாமிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு டிஸ்க் நிரம்பியபோது, கேஷ் ஃபோல்டரை முதலில் தன் சொந்த ஃபோல்டருக்குள்தான் கொண்டுபோய் வைத்தான். பிறகு வெட்கப்பட்டு டேட்டா டிஸ்குக்கு மாற்றினான். அந்த முதல் நாளையும் கொடிக்காரன் எழுதி வைத்திருந்தான்; ஆண்டிச்சாமி அதற்கும் சேர்த்து அனுமதி கொடுத்திருந்தான்.

"அது... ஒரு பாதுகாப்புக்கு மேடம்."

"யாருக்கு?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் நோட்டைத் திறந்தாள். மூன்று வருஷத்து நோட்டு. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரே வார்த்தை: பெர்மிசிவ். மீறல் நடந்தது, ஆனால் கொடிக்காரன் உட்கார்ந்திருந்ததால் தடுக்கவில்லை என்பதற்கான குறி. நேற்று மத்தியானம் வரை எல்லா வரியிலும் இருந்தது. அவள் கீழே தள்ளிக்கொண்டே போனாள். திரை ஓடியது. அது முடியாமல் ஓடிக்கொண்டே இருந்ததுதான் ஆண்டிச்சாமிக்குத் தாங்கவில்லை.

"நேத்து மத்தியானம்தான் மேடம்," என்றான். "அதுக்கு முன்னாடி எழுதுனதெல்லாம் பொய்."

"தெரியுது." கையைத் திரையிலிருந்து எடுத்தாள். "இந்த பைனல்2-வைத் தூக்குங்க. சரியானதை இப்ப எழுதுங்க. நான் இருக்கேன்."

"இப்பவா? படகெல்லாம் ஐஸுக்கு நிக்குது மேடம்."

"மூணு வருஷம் இருந்துச்சே?"

தூக்கினான். மறு நிமிஷம் கவுண்டர் படுத்தது. வெளியே ஐஸுக்கு நின்ற படகுக்காரர்களில் கண்ணனின் குரல்தான் முதலில் ஏறியது.

"என்னப்பா, ஐஸ் சீட்டா வீட்டுப் பத்திரமா? நாங்க கடலுக்குப் போகணுமா, இங்கயே வலை விரிக்கவா?"

"உள்ள மெட்ராஸ் மேடம் இருக்காங்கண்ணே, கத்தாதீங்க," என்றாள் சொர்ணவல்லி.

"மேடத்தைச் சீட்டு எழுதச் சொல்லு. இந்த எஞ்சினியரை ஐஸ் பார் கட்டி தூக்க விடு."

ஐஸ் பார் தூக்குகிற வேலை அடுத்த வாரத்திலிருந்து உண்மையாகவே தனக்கு வரலாம் என்று ஆண்டிச்சாமிக்குத் தோன்றியது. அதற்கும் முதுகு பத்தாது. பத்து வருஷம் நாற்காலியில் உட்கார்ந்த முதுகு.

நோட்டின் கடைசி வரியைப் படித்தான். பத்து வருஷ அனுபவத்தில் முதன்முறையாக முழு வரியையும் படித்தான். அதில் ஒளிவு மறைவே இல்லை. யார் போனது: கேஷ் சர்வீஸ். எங்கே: டேட்டா டிஸ்கில் உள்ள அதன் ஃபோல்டர். ஏன் மறித்தது: அந்த ஃபோல்டரில் கேஷுக்குரிய லேபிள் இல்லை. பழைய இடத்தில் இருந்தபோது லேபிள் தானாக இருந்தது. இவன் புது இடத்துக்குத் தூக்கி வந்தபோது லேபிள் ஒட்டவில்லை. அவ்வளவுதான். சர்வீஸ் மேலும் தப்பில்லை, கொடிக்காரன் மேலும் தப்பில்லை.

ஒரு வரி: இந்த ஃபோல்டர் கேஷ் சர்வீஸுடையது என்று விதிப்பட்டியலில் எழுதினான். இரண்டாவது வரி: அதன்படி லேபிளை ஒட்டச் சொன்னான். சர்வீஸை நிறுத்தி எழுப்பினான்.

"ஆ, வந்துருச்சு," என்றாள் சொர்ணவல்லி வெளியிலிருந்து. "கண்ணண்ணே, எத்தனை பார் வேணும்?"

ஆண்டிச்சாமி கடிகாரத்தைப் பார்த்தான். பதினோரு நிமிஷம். டீக்கு முன்பு அவன் போட்ட கணக்கு ஒரு நிமிஷம்தான் தவறியிருந்தது.

விசாலி பன்னிரண்டு படிவங்களையும் பிரிண்ட் எடுக்கச் சொன்னாள். ஒவ்வொன்றிலும் 'ஆம்' என்பதை அடித்து 'இல்லை' என்று எழுதி அவனையே கையெழுத்துப் போடச் சொன்னாள். ஐந்தாவதில் பேனா நின்றது. அவளே தன்னுடையதைக் கொடுத்தாள்.

"வேலை போயிருமா மேடம்?"

"அதை நான் முடிவு பண்றதில்லைங்க. பாத்ததை எழுதுவேன். பன்னெண்டு பொய். ரெண்டு சரியான வரி."

அடுத்த புதன்கிழமை மெயில் வந்தது. வேலை இருந்தது. கூடவே ஒரு மாற்றமும் இருந்தது: ரூட் இனிமேல் சென்னையில். ஜெகதாப்பட்டினத்துக்கு அன்றாட வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் அனுமதி. விதிப்பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டுமென்றாலும் எழுதிக் கேட்க வேண்டும்.

ஆண்டிச்சாமி கதவைச் சாத்திவிட்டு, சும்மா பார்க்கலாம் என்று, கொடிக்காரனை உட்கார வைக்கும் அந்தப் பழைய வரியைத் தட்டினான். 'அனுமதி இல்லை' என்றது செர்வர். இன்னொரு தடவை, எழுத்துப்பிழையாக இருக்குமோ என்று, நிதானமாகத் தட்டினான். அனுமதி இல்லை. ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்த முதலாளியின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. கதை சொல்லும்போதெல்லாம் அவன் ஆத்தாவின் பக்கம் நின்றுதான் சொல்லியிருந்தான்.

சாயங்காலம் மூக்காயி போன் செய்தாள்.

"வேலை இருக்காடா?"

"இருக்கு ஆத்தா. ஆனா என்னையவே மறிக்கிறாய்ங்க. நான் பாத்துக்கிட்ட மிஷினுக்குள்ள நான் போக முடியல."

"எதுக்கு?"

அவன் சொன்னான். உட்கார வைத்தது, பன்னிரண்டு ஆம், பைனல்2, எல்லாவற்றையும். அவள் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது போனிலேயே கேட்டது.

"நல்லவேளைடா," என்றாள். "அன்னைக்கு குவாரிப் பாதையில ஒன்னைய நிறுத்தாம என்னைய நிறுத்துனாய்ங்க."

ஆண்டிச்சாமி டீக்கடைக்குப் போனான். பெஞ்சில் இடம் இருந்தும் நின்றுகொண்டே குடித்தான்.