தண்ணீருக்குள் தட்டிய சத்தம்

குரங்கணி மலைக்கிராமத்துக்கு மேலே, ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை ஏற்றிவந்த ஜீப்பு மண்சரிவில் சிக்கி நீர்த்தேக்கத்துக்குள் விழுந்தது. கலங்கல் தண்ணீரில் அது எங்கே கிடக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை.

மீன்களின் ஒலியை ஆராய வந்த சூர்யகலா அங்கே மூன்று மைக்குகளை நீருக்குள் இறக்கியிருந்தாள். மழை இரைச்சலைக் கணினியில் வடிகட்டியதும், டக், டக்கென்று இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது; ஜீப்புக்குள் மிஞ்சிய காற்றில் யாரோ உயிரோடு இருந்தார்கள். ஒவ்வொரு மைக்கையும் அது எட்டிய நேர வித்தியாசத்தை வைத்து இடத்தைக் கணக்கிட்டாள்.

"மதகுக்கு இடப்பக்கம், பாறையோரம். வெரசா போங்கண்ணே!"

ஜீப்பு ஓட்டியவனின் அண்ணன் பேச்சிமுத்து இடுப்பில் கயிற்றோடு குதித்தார். அவள் சொன்ன இடத்திலேயே ஜீப்பு கிடந்தது. அதற்குள் தட்டல் நின்றுபோயிருந்தது.

தம்பியின் உடலைக் கரையில் கிடத்திய பேச்சிமுத்து, "உள்ள இன்னும் ஆளுக இருக்காக" என்று மறுபடி இறங்கினார். இன்னொரு தட்டல் கேட்டுவிடாதா என்று சூர்யகலா ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.