சோறில்லாத கட்டுச்சோறு

சம்பந்தி மங்கம்மாவின் செய்தியை மருமகன் அர்ச்சுனன்தான் கொண்டுவந்தான். கொண்டுவந்தவன் உடனே சொல்லவில்லை. மாமனார் நல்லசாமியின் கடைப் பலகையில் உட்கார்ந்து, ஒரு கிளாஸ் கோப்பியைக் குடித்து, மழை வருமா வராதா என்று வானத்தை விசாரித்து, போவதற்கு எழுந்து நின்ற பிறகுதான் மாமியார் வள்ளிநாயகியைப் பார்த்து வாயைத் திறந்தான்.

"அம்மா ஒன்னு சொல்லச் சொன்னாங்க அத்தை. கட்டுச்சோறு கட்டிக்கிட்டு வந்தா சௌந்தரத்தப் பிரசவத்துக்கு அழைச்சிட்டுப் போலாமாம். வெறுங்கையோட வந்தா கோப்பி குடிச்சிட்டுப் போலாமாம்."

சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தவன்தான். பதில் வாங்கிக்கொண்டு போகிற தைரியம் அவனுக்கு இல்லை.

மங்கம்மா கேட்டதில் தப்பொன்றும் இல்லை. தலைப்பிள்ளை சுமக்கிற பெண்ணுக்கு ஒற்றைப்படை மாதத்தில் தாய்வீட்டார் ஐந்து வகைச் சோறு கலந்து, மூட்டை கட்டிச் சுமந்துபோய், அவளுக்கும் அக்கம்பக்கத்துக்கும் பரிமாறிவிட்டுப் பெண்ணை அழைத்துவருவது வழக்கம். சௌந்தரத்துக்கு ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது. இதை விட்டால் அவள் பாரோய்ப் பக்கத்து எஸ்டேட்டில், அந்த மாமியார் கையில்தான் பிள்ளை பெற வேண்டும். மங்கம்மா கெட்டவள் இல்லை. ஆனால் வென்னீர் வைப்பதற்குக்கூட மூன்று பேரைச் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறவள். வலியில் கிடக்கிற பெண்ணுக்கு அந்தச் சத்தம் ஆகுமா?

இடைஞ்சல் வேறு இடத்தில் இருந்தது. அது மலாயாவில் எமர்ஜென்சிக் காலம், ஐம்பத்தாறாம் ஆண்டு. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கை போய்ச் சேரக்கூடாது என்று அரசாங்கம் முடிவெடுத்திருந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களைச் சுற்றி முள்வேலி, வேலிக்கு ஒரு கேட், கேட்டில் துப்பாக்கியோடு காவல். அரிசியோ சோறோ கேட்டைத் தாண்டக் கூடாது. ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகிறவர்கள்கூட விடியற்காலையிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். வயிற்றில் போட்டுக் கொண்டுபோவதற்கு மட்டும் அரசாங்கம் தடை போடவில்லை.

"பேசாம விட்டுடு. சோத்தோட கேட்டுல மாட்டினா கட லைசென்சு போயிடும்" என்றார் நல்லசாமி.

"சோறு கொண்டுபோறேன்னு யாரு சொன்னா?"

"கட்டுச்சோறுன்னா சோறு இல்லாம?"

வள்ளிநாயகி சிரம்பான் சந்தையில் துணிமூட்டை விற்றவரின் மகள். பேரம் முடிகிற வரைக்கும் முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்று சிறு வயதிலேயே படித்தவள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "சோறுங்கறது சாக்கு மூட்டைங்க. அதுக்குள்ள போடற சரக்குதான் புளியும் காரமும். சாக்கு எந்த எஸ்டேட்டுலயும் கெடைக்கும். நான் சரக்க மட்டும் கொண்டுபோறேன்."

மறுநாள் முழுக்க அவள் அடுப்படியில்தான் இருந்தாள். பழைய புளியை வென்னீரில் ஊறவைத்து, சக்கை போகக் கெட்டியாகக் கரைத்தாள். புதுப்புளி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதன் புளிப்பு நாக்கின் நுனியோடு நின்றுவிடும். பழைய புளிதான் தொண்டை வரைக்கும் இறங்கும். வாணலியில் நல்லெண்ணெயைக் கை நடுங்காமல் ஊற்றி, கடுகு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்து, மஞ்சளும் பெருங்காயமும் போட்டுக் கரைசலை விட்டாள். உப்பைத் தாராளமாகவே போட்டாள். நாளைக்குச் சோறும் இந்த உப்பில்தான் பங்கு கேட்கும். எண்ணெய் பிரிந்து ஓரமாக ஒதுங்குகிற வரைக்கும் அடுப்பைவிட்டு நகரவில்லை. வெந்தயத்தை மட்டும் தனியாக வறுத்துப் பொடித்து, இறக்கிய பிறகு தூவி, புளிக்காய்ச்சலை ஜாடியில் நிரப்பினாள். முதலிலேயே போட்டால் கசப்பு முந்திக்கொள்ளும். எலுமிச்சைச் சோற்றுக்கான தாளிப்பை வேறொரு குப்பியில் அடைத்தாள். பழத்தைப் பிழிந்து சேர்க்கவில்லை. சூட்டில் பட்ட எலுமிச்சைச் சாறு கசந்துபோகும், அதனால் பழமாகவே மடியில் முடிந்துகொண்டாள்.

காலையில் கேட்டில் காவலன் ஜாடியைத் தடுத்தான். மலாய்க்காரன், நல்ல வாட்டசாட்டம். ஜாடி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்பா இனி?" என்று கேட்டான். இது என்ன என்பதற்கு மலாயில் அப்படித்தான்.

"சம்பல் லா, என்சே" என்றாள் வள்ளிநாயகி. வெறும் தொடுகறிதான் ஐயா என்று பொருள்.

"நாசி?"

"நாசி தாடா. சோறு எங்க இருக்கு, நல்லாப் பாரு."

அவன் நல்லாவே பார்த்தான். குச்சியை விட்டுக் கிளறினான். உள்ளே ஒரு பருக்கைகூட இல்லை. கறுப்பாக, பளபளவென்று, எண்ணெய் மிதக்கிற இந்த வஸ்து விஷமாக இருக்குமோ வெடிமருந்தாக இருக்குமோ என்ற சந்தேகம் முகத்தில் தெரிந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். நெகிரி செம்பிலான் மலாய்க்காரனுக்குக் காரம் புதிதில்லை, ஊசிமிளகாயைத் தேங்காய்ப்பாலில் போட்டுத் தினமும் குழம்பு வைக்கிற ஊர் அது. ஆனாலும் புளியின் முதுகில் ஏறி வருகிற காரத்தை அவன் எதிர்பார்க்கவில்லை. இரண்டு காதும் சிவந்துபோக, "பெடாஸ்!" என்று கத்தினான்.

பின்னால் நின்ற நல்லசாமி பதறிப்போனார். "பெடாஸ் இல்லீங்க துவான், பாரோய்! நாங்க பாரோய்தான் போறோம்!"

பெடாஸ் என்று ரெம்பாவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர் உண்டு. பெடாஸ் என்றால் மலாயில் காரம் என்பது கடையில் மிளகாய் விற்கிற நல்லசாமிக்கு நன்றாகவே தெரியும். ஆனால் லைசென்சுப் பயத்தில் தெரிந்ததெல்லாம் பறந்துவிட்டது. காவலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இன்னொரு விரல் தொட்டு நக்கிக்கொண்டு, பக்கத்தில் நின்றவனிடம் மலாயில் சொன்னான்: "சோறில்லாம இதைத் தின்னா காட்டுல எவனும் நிக்க மாட்டான். வயிறு எரிஞ்சு தானா வந்து சரணடைவான். போகட்டும் விடு."

ரந்தாவில் பஸ் ஏறி, சிரம்பானில் மாறி, முற்பகலில் மகளின் எஸ்டேட்டுக்கு வந்துசேர்ந்தார்கள். அங்கே கேட்டில் வெளியே போகிறவர்களைத்தான் சோதித்தார்கள். உள்ளே வருகிற ஜாடியை யாரும் கவனிக்கவில்லை. சௌந்தரம் வாசலில் நின்றிருந்தாள். முகம் இளைத்து, வயிறு மட்டும் முன்னால் வந்து நின்றது. "அம்மா, புளிக்காய்ச்சல் வாசன தெருமுனையிலேயே வந்துருச்சு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இவளை விட்டுவிட்டுப் போவதில்லை என்று வள்ளிநாயகி மனதுக்குள் முடித்துக்கொண்டாள்.

மங்கம்மா ஜாடியைப் பார்த்தாள். மூட்டை எங்கே என்று வள்ளிநாயகியின் பின்பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

"சம்மந்தி, சோறு கேட்டுத் தாண்டாதுன்னு உங்களுக்குத் தெரியும். ரெண்டு படி அரிசி குடுங்க, இங்கயே வடிச்சுக் கலந்துடறேன்" என்றாள் வள்ளிநாயகி.

"அரிசியா?" மங்கம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "அரிசியக் கண்ணால பாத்து மாசம் ஒன்னாச்சு. இங்க இப்ப பொதுச் சமையல். அரிசிய வீட்டுக்குக் குடுத்தா காட்டுக்குப் போயிருமாம். அவங்களே அண்டாவுல அவிச்சு, சோறா அகப்பையில போடறாங்க. ஏன், அர்ச்சுனன் சொல்லலியா?"

வானத்தைப் பற்றி அவ்வளவு விசாரித்தவன் இதைச் சொல்லவே இல்லை.

"சரி, அந்தச் சோத்தையே குடுங்க."

"குடுக்கறதுக்கு என்ன? ஆனா நியாயத்தப் பாருங்க சம்மந்தி. என் வீட்டுச் சோத்துல உங்க புளியக் கலந்தா அது நான் போட்ட சோறு, நீங்க கொண்டாந்த ஊறுகா. அதுக்குப் பேரு கட்டுச்சோறா? நாளைக்கு லயத்துல நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்றது?"

நியாயம்தான். நியாயமான எதிராளியிடம் பேரம் பேசுவதுதான் சிரமம், அநியாயக்காரன் சீக்கிரம் மடங்கிவிடுவான். வள்ளிநாயகி வெளியே வந்தாள். பொதுச் சமையல் கொட்டகை வாசலில் பெண்கள் சட்டியோடு வரிசையில் நின்றார்கள். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். மேலே சோறு ஓரளவு பருக்கையாகத் தெரிந்தது. நடுவில் குழைந்திருந்தது. அடியில் பசை.

"இதையா தெனமும் திங்கறீங்க?"

"திங்கறதா? முழுங்கறோம்க்கா" என்றாள் வரிசையில் நின்ற முத்தாயி. கடைசி வீட்டுக்காரி, மாடு வைத்திருப்பவள். "உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. கொழம்பு ஊத்தினா கூழாயிருது."

"அப்ப ஒரு யாவாரம் பேசலாமா? எனக்கு ஒரு அகப்ப வெள்ளச்சோறு குடுங்க. ஒரு அகப்ப புளிச்சோறா, தேங்காச்சோறா திருப்பித் தரேன்."

வரிசை கலகலத்தது. ஒருத்தி கேட்டாள்: "வாங்கின அளவே திருப்பிக் குடுத்தா ஒங்களுக்கு என்னக்கா மிஞ்சும்?"

"சோறு ஒரு அகப்ப. தேங்கா, தயிரு எல்லாம் சேந்தா ஒன்னேகால். அந்தக் கால்தான் என் லாபம்."

"இந்தக்கா நம்ம கங்காணியவே நமக்கு வித்துக் காசு வாங்கும்டி!" என்றாள் முத்தாயி. சொன்னவள்தான் முதல் சட்டியை நீட்டினாள். தன் வீட்டு அடுப்பையும் தயிரையும் தேங்காயையும் சேர்த்தே கொடுத்தாள். மற்றவர்களும் ஆளுக்கு ஓர் அகப்பை போட்டார்கள்.

முத்தாயி வீட்டில் வள்ளிநாயகி முதலில் சோற்றைத் தரம் பிரித்தாள். அப்பா துணிமூட்டையில் செய்த அதே வேலைதான். பருக்கையாக இருந்ததை வாழையிலையில் பரப்பி, விசிறி ஆற்றி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டாள். அகப்பையால் தொடவே இல்லை, விரல் நுனியால்தான் பிரித்தாள். சூடு போனதும் பருக்கைகள் தாமாக விலகி நின்றன. அது எலுமிச்சைக்கும் தேங்காய்க்கும். தேங்காய்த் துருவலைச் சிவக்க விடாமல், வாசனை கிளம்பியதும் இறக்கினாள். நடுத்தரச் சோறு புளிக்கு. புளிக்காய்ச்சலின் எண்ணெயே அதைக் கொஞ்சம் விறைக்க வைத்துவிடும். குழைந்ததைப் பாலும் தயிரும் விட்டு இன்னும் நன்றாகவே குழைத்தாள். தயிர்ச்சோற்றுக்குக் குழைவுதான் அழகு. மற்ற இடத்தில் கழித்துக்கட்டுகிற சரக்குக்கு இங்கே முதல் விலை.

பெண்களுக்கு அளந்து திருப்பிக் கொடுத்ததுபோக நான்கு பங்கு மிஞ்சியது. நான்கையும் வாழையிலையில் பொதிந்து, நல்லசாமியின் வெள்ளைத் துண்டில் முடிச்சுப் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு, லயத்தின் கடைசி வீட்டிலிருந்து மங்கம்மா வீட்டு வாசலுக்கு நடந்தாள். பின்னாலேயே சாப்பிட்டுக்கொண்டே அத்தனை பெண்களும் வந்தார்கள்.

"கட்டியிருக்கு, பாருங்க. சொமந்துக்கிட்டும் வந்திருக்கேன்" என்று மூட்டையை இறக்கினாள்.

"சோறு யாரு வீட்டுது?" மங்கம்மா விடவில்லை.

"லாபத்துல வந்த சோறு சம்மந்தி. கடன் வாங்கல, தானம் வாங்கல. யாவாரத்துல சம்பாரிச்சது என்னுதுதான? சாட்சிக்கு இத்தன பேரு மென்னுக்கிட்டு நிக்கறாங்க."

"ஆமா மங்கம்மாக்கா, என் பங்கு எனக்கு வந்துருச்சு" என்றாள் முத்தாயி நிறைந்த வாயோடு.

மங்கம்மா முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொரு இலையாக முகர்ந்து பார்த்தாள். புளிச்சோற்றில் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். மென்றாள். இலைகளை விரல்விட்டு எண்ணினாள். பிறகு, "நாலுதான் இருக்கு" என்றாள். குரலில் பழைய சத்தம் இல்லை. "ஒத்தப்படையில்ல வேணும்? சக்கரச்சோறு எங்க?"

வள்ளிநாயகிக்கு முதல் தடவையாக முகம் மாறிவிட்டது. சர்க்கரையும் கேட்டைத் தாண்டாது. இங்கேயும் அது பங்கீடுதான். முத்தாயி தயிர் கொடுத்தாள், வேறு யார் சர்க்கரை கொடுப்பார்கள்? அம்மாவின் முகத்தைப் பார்த்த சௌந்தரத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

மங்கம்மா மருமகளைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு பால்டின் இருந்தது. இனிப்புப் பால். அந்த நாளில் டின் விற்கும்போதே கடைக்காரன் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், பத்திரப்படுத்திக் காட்டுக்கு அனுப்பிவிடக் கூடாதாம். "காலையில வாங்கினேன். ஓட்ட போட்ட டின்னு, சாயங்காலத்துக்குள்ள எறும்பு மொச்சிரும். பசச்சோறு மிச்சம் இருக்கா?"

அண்டாவின் அடியிலிருந்து வந்த பசைச்சோறு இருந்தது, யாருக்கும் வேண்டாத கடைசித் தரம். வள்ளிநாயகி அதை மசித்துப் பால் ஊற்றினாள். மங்கம்மா ஏலக்காய் தட்டிப் போட்டாள். ஐந்தாவது சோறு வந்துவிட்டது.

"இதுல இப்ப ஒங்களுக்கும் பங்கு உண்டு சம்மந்தி. கூட்டு யாவாரம்" என்றாள் வள்ளிநாயகி.

"அப்பாடா, நீங்களே சொல்லிட்டீங்க." மங்கம்மா பிடித்துக்கொண்டாள். "பங்கு உண்டுல்ல? அப்ப பொண்ண இன்னிக்கே அழைச்சிட்டுப் போங்க. ஆனா முப்பதாம் நாளு பேரு வச்சதும் புள்ளையும் தாயும் இங்க வந்துரணும்."

"பச்ச ஒடம்பு சம்மந்தி. அஞ்சு மாசம்."

"அஞ்சா? அதுக்குள்ள பேரன் என்னப் பாத்து யாருன்னு கேப்பான். ரெண்டு."

"நாலு. இதுக்குக் கீழ எனக்குக் கட்டாது."

நல்லசாமி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். ஊரடங்குக்குள் வீடு போய்ச் சேர வேண்டும். அவரை யாரும் கவனிக்கவில்லை. பலகையில் உட்கார்ந்திருந்த சௌந்தரம் புளிச்சோற்றை முடித்து, தயிர்ச்சோற்றை முடித்து, பால்சோற்று இலையை விரலால் வழித்துக்கொண்டே தலையை நிமிர்த்தினாள்.

"எத்தன மாசம்னு என்ன யாராவது கேட்டீங்களா?"

"நீ சாப்புடு!" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். சௌந்தரம் இன்னும் கொஞ்சம் புளிச்சோறு எடுத்துக்கொண்டாள். மூன்று மாதம் என்று பேரம் படிந்தபோது, அவள் துணிகளை மங்கம்மாவே மடித்து மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள்.