பதினேழாம் எண் அலை

கல்லுமுனையில் நடந்த கடற்கரைப் புகைப்படப் பயிற்சியில் ஆளுக்கு ஓர் அலை ஒதுக்கினார்கள். தாணுமாலயனுக்கு வந்தது பதினேழாம் எண்.

பயிற்சி நடத்திய ஜெசிந்தா மேடம், வழுக்குப் பாறையில் டிரைபாடை ஊன்றக் கற்றுக்கொடுத்தார்.

"அலை ஒரு தடவதான் உடையும். அப்புறம் அதோட வீட்டுல மாட்ட இந்த ஒரு படம்தான். வேற ஒண்ணும் மிஞ்சாது. கேட்டீங்களா?"

கேட்டார்கள். தாணுமாலயன் இரண்டு முறை தலையாட்டினார். முப்பது வருடம் அரசாங்க வேலையில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். இனி ஒரு காரியத்தையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று புதுக் கேமரா வாங்கிக்கொண்டு வந்திருந்தார். கழுத்துப்பட்டையின் விறைப்பு இன்னும் போகவில்லை.

காலை ஏழு மணிக்கு அலை வந்தது. பாறைக்கு முன்னால் நின்று நுரையை ஒதுக்கிவிட்டுக்கொண்டது.

"ரொம்ப தூரமோ?" என்று மரியாதைக்குக் கேட்டார்.

"ஒம்பது நாளாச்சு. அண்ணாச்சி, எனக்கு இடப்பக்கந்தான் நல்லாருக்கும். அதப் பாத்து எடுங்க."

"எடுத்துரலாம்."

"அப்ப ஒடையட்டா?"

"சரி."

அலை உடைந்தது. அழுத்திவிட்டார். சட்டை முழுக்க உப்புத் தண்ணீர். மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

படத்தைப் பார்க்கலாம் என்றால் திரையில் ஒன்றும் இல்லை. மூடியைத் திறந்தார். உள்ளே மெமரி கார்டு இல்லை. மச்சினன் மகள் சடங்குப் படங்களைப் பார்ப்பதற்காக முந்தின நாள் வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகியவர், எடுக்கவே இல்லை.

"கெடைச்சுதா சார்?" என்றார் மேடம்.

"பிரமாதமா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. கடல் பக்கம் திரும்ப அவருக்குக் கூச்சமாக இருந்தது.

சாயங்காலம் மண்டபத்தில் படங்களை மாட்டினார்கள். அலைகளின் வீட்டார் வந்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. பதினேழாம் எண்ணின் அம்மா முன்வரிசையில், செவ்வந்தி மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை அடிக்கடி துடைத்துக்கொண்டாள்.

பதினாறு படங்களுக்கு மாலை விழுந்தது. பதினேழாவது சட்டம் காலியாக இருந்தது.

"படம் எங்க சார்?" என்றார் மேடம்.

தாணுமாலயன் தேள் கொட்டிய திருடனாக நின்றார். கார்டு போடவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "வந்துட்டிருக்கு" என்று வந்தது.

மேடம் அவரைப் பார்த்தார். சட்டத்தைப் பார்த்தார். டேப்பை எடுத்து அவர் தோளை அளந்தார்.

"ஏறி நில்லுங்க."

சட்டத்துக்குள் ஏறி நின்றார். அளவு சரியாக இருந்தது.

அந்தம்மா எழுந்து வந்து மாலையைப் போட்டாள். அவர் சட்டையில் காய்ந்திருந்த உப்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எம்புள்ள அப்படியே இருக்கானே! நல்லா எடுத்திருக்காங்க. எடுத்த மகராசன் நல்லா இருக்கணும்."

அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அவருக்குக் காது இரண்டும் எரிந்தன. இறங்கி ஓடவும் வழியில்லை, மாலை போட்டாயிற்று.

"கடைசியா ஏதாச்சும் சொன்னானா?" என்று மேடத்திடம் கேட்டாள்.

மேடத்துக்குத் தெரியாது. தெரிந்தவர் சட்டத்துக்குள் இருந்தார். படம் பேசக்கூடாது என்பது அவருக்கும் தெரியும்.

தாணுமாலயன், மாலை நழுவிவிடாமல், இடது கன்னம் அவளுக்குத் தெரியும்படி மெல்லத் திரும்பிக்கொண்டார்.